ஹார்வெல் வீட்டுப் பிள்ளைகளும் மொதெஸ்த் வீட்டுப் பெண்ணும்

1

அமெரிக்காவில் என்ன வேலை என்று ஊரில் கேட்பார்கள். பிரெஞ்சு வாத்தியார் என்பேன். "கம்ப்யூட்டர் இல்லையா?" என்று இன்னொரு தரம் கேட்டுவிட்டு, வெளியில் சொல்ல முடியாத ஏதோ கஷ்டம் போலிருக்கிறது என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். இங்கேயும் அதே கதைதான். வருடத் தொடக்கத்தில் பெற்றோர்கள் ஆசிரியர்களைப் பார்க்க வரும் நாளில், வகுப்பு வாசலில் நிற்கும் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "பிரெஞ்சு டீச்சர் இன்னும் வரவில்லையா?" என்று என்னிடமே கேட்பார்கள். நான்தான் என்றதும் அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்கவே நான் வாசலில் போய் நிற்கிறேன் என்பாள் என் மனைவி. அதில் கொஞ்சம் உண்மை உண்டு.

வர்ஜீனியாவில் ஒரு சின்ன ஊர். ஒரு காலத்தில் சுற்றிலும் புகையிலைத் தோட்டங்களாக இருந்ததாம். இப்போது பாதி தரிசு, பாதி கடைகள். நான் புதுச்சேரி உப்பளத்துக்காரன். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் ஊர் வழக்கில் சொல்தா. ஜூலை பதினான்காம் தேதி பதக்கங்களை எல்லாம் குத்திக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்து சரிசெய்து, கண்ணாடியை விட்டு நகரமாட்டார். அவர் வழியில் எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. பள்ளியில் சேர்ந்த முதல் வருடம், இனம் என்ன என்று கட்டம் போட்ட ஒரு படிவம் கொடுத்தார்கள். நான் 'மற்றவை' என்பதில் குறி போட்டு, பக்கத்தில் 'பிரெஞ்சுக்காரர்' என்று எழுதிக் கொடுத்தேன். அலுவலக அம்மா என்னைக் கூப்பிட்டு, மேலும் கீழும் பார்த்து, "அது இனம் இல்லையே" என்றார். எனக்கு அன்றைக்கு நிஜமாகவே புரியவில்லை.

எங்கள் குடும்பப் பெயர் மொதெஸ்த். அடக்கமானவர் என்று பொருள். எங்கள் வீட்டு ஆண்கள் யாரையும் பற்றி எவரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில், சாதி வழக்கப்படி வரும் உரிமைகளை விட்டுவிட்டு இனிமேல் பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வருகிறேன் என்று கையெழுத்துப் போட்டால், புதிதாக ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளலாம். என் பாட்டனாருடைய தாத்தா அப்படிப் போய்க் கையெழுத்துப் போட்டு இந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். ஆகவே எங்கள் ஊரில் இந்த மாதிரிப் பெயர் இரண்டு பேருக்கு ஒன்றாக இருந்தால், அவர்கள் ஒரே குடும்பம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பேரைக் கேட்டதுமே எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை, எப்படிச் சொந்தம் என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவோம். அது எங்களுக்கு மரியாதை.

2

2008 இலையுதிர் காலம். அதிபர் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் தடவையாக ஒரு கறுப்பர் ஜெயித்துவிடுவார் என்ற பேச்சு. தேர்தல் முடியும் வரை வகுப்பில் அரசியல் பேசக் கூடாது என்று தலைமை ஆசிரியரிடமிருந்து எங்களுக்குச் சுற்றறிக்கை வந்திருந்தது. பிள்ளைகளுக்குச் சுற்றறிக்கை போகவில்லை. அவர்கள் சட்டையிலும் பையிலும் வேட்பாளர் பெயரைக் குத்திக்கொண்டு திரிந்தார்கள்.

மூன்றாம் வருடப் பிரெஞ்சு வகுப்பில் அந்த வருடம் இருபத்தாறு பேர். முதல் நாள் வருகைப் பதிவு எடுத்தேன். ஹார்வெல், சிமோன். ஒரு கறுப்பினப் பெண் கை தூக்கினாள். அடுத்த பெயர் ஹார்வெல், டைலர். செம்பட்டை முடியோடு ஒரு வெள்ளைக்காரப் பையன் கை தூக்கினான். எனக்கு ஒரே குஷி. ஊர்ப் பழக்கம் சும்மா இருக்குமா?

"அட, ரெண்டு பேரும் ஒரே குடும்பமா?" என்று பிரெஞ்சில் கேட்டேன்.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு சத்தமே இல்லை. சரி, என் பிரெஞ்சு இவர்களுக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, இன்னும் உரக்க, ஆங்கிலத்தில் கேட்டேன். "உங்கள் அப்பாக்கள் அண்ணன் தம்பியா, எப்படிச் சொந்தம்?"

டைலரின் முகம் காது மடல் வரை சிவந்துவிட்டது. சிமோன் என்னை நேராகப் பார்த்தாள். "அதை நீங்கள் அவன் வீட்டில்தான் கேட்க வேண்டும், முசியே. எங்கள் வீட்டில் கேட்டால் வேறு மாதிரி பதில் வரும்" என்றாள்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அன்று மாலை பக்கத்து வகுப்புச் சரித்திர ஆசிரியர்தான் காரை எடுக்கும் இடத்தில் என்னை நிறுத்திச் சொன்னார். ஹார்வெல் என்பது ஒரு தோட்டத்து முதலாளியின் பெயர். அங்கே அடிமையாக இருந்தவர்கள் விடுதலையானபோது அவர்களுக்கும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. ரத்தத்திலும் சொந்தம் இருக்கலாம், ஆனால் அது கல்யாணத்தால் வந்த சொந்தமாக இருக்காது. வீட்டுக்கு வந்து சொன்னதும், பதின்மூன்று வயது மகள் கிளேர் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அப்பா! அதெல்லாம் கேட்கவே கூடாதுப்பா!" என்று ஆங்கிலத்தில் கத்தினாள். இந்த ஊரில் எதைக் கேட்கக் கூடாது என்பது என் மகளுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது.

இரண்டாம் நாள் சிமோன் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். வகுப்பிலிருந்து விலகுவதற்கான படிவம். நான் கையெழுத்துப் போட்டால் அவள் ஸ்பானிஷுக்குப் போய்விடலாம். அந்த வகுப்பிலேயே பிரெஞ்சு நன்றாக வருகிற பிள்ளை அவள்தான். வெள்ளிக்கிழமை வரை அவகாசம் கேட்டேன். தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள்.

3

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது எனக்கே தெரிந்தது. எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. வியாழக்கிழமை எங்கள் லிவ்ரேயை எடுத்துக்கொண்டு போனேன். அது ஒவ்வொரு பிரெஞ்சுக் குடும்பத்துக்கும் கொடுக்கப்படுகிற சின்னப் புத்தகம். கல்யாணம், பிள்ளைகள் பிறந்தது, இறந்தது எல்லாம் அதில் பதிவாகும். அப்பா காலமான பிறகு அவருடையது என்னிடம் வந்துவிட்டது.

வகுப்பில் நின்று எங்கள் பெயர் வந்த கதையைச் சொன்னேன். எங்கள் ஊரில் ஒரே பெயர் என்றால் ஒரே குடும்பம், அந்தப் பழக்கத்தில் கேட்டுவிட்டேன், தவறு என்னுடையது, இருவரும் என்னை மன்னிக்க வேண்டும் என்றேன். நான் எதிர்பார்க்காத மாதிரி பேச்சு கிளம்பிவிட்டது. சுற்றறிக்கை எங்கேயோ பறந்தது.

டைலர்தான் முதலில் பேசினான். "எங்கள் வீட்டில் யாரும் யாரையும் விலைக்கு வாங்கவில்லை. நாங்கள் இருக்கிற வீடே வாடகை. அப்பாவுக்கு வேலை போய் நாலு மாசம் ஆகிறது. ஹார்வெல் என்றாலே பணக்காரன் என்று எல்லாரும் நினைக்கிறார்கள்" என்றான்.

"உன்னிடம் நான் எதுவும் கேட்கவில்லையே" என்றாள் சிமோன். சண்டைக்காக அவள் அதைச் சொல்லவில்லை. "முசியேவுக்கு அவர் பெயர் எப்படி வந்தது என்று பத்திரம் இருக்கிறது. எங்களுக்கு எப்படி வந்தது என்று, எங்கள் ஆட்களை விலைக்கு வாங்கிய உங்கள் பத்திரத்தில்தான் இருக்கும். அதைத்தான் சொல்கிறேன்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "உங்கள் தாத்தா சாதியை விட்டுவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு உங்கள் குடும்பத்தில் யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் கல்யாணம் செய்துகொள்ளலாமா?"

"சட்டப்படி செய்துகொள்ளலாம்" என்றேன்.

லிவ்ரே வரிசையாகக் கை மாறி அவளிடம் போயிருந்தது. பிள்ளைகள் பெயர் எழுதும் பக்கத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "பிரான்சுவா, அது நீங்கள். ரொசாலி யார்?"

"தங்கை."

"அவர் யாரைக் கல்யாணம் செய்துகொண்டார்? எங்கே இருக்கிறார்?"

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். இருபத்தாறு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிமோன் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தி, "இறந்துவிட்டாரா?" என்று கேட்டாள்.

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன்.

"ஐயோ, மன்னியுங்கள் முசியே" என்றாள் அந்தப் பிள்ளை. நான் விரைந்து போய் லிவ்ரேயை வாங்கி மூடினேன். இறந்த தேதி எழுதும் இடம் ரொசாலி பெயருக்கு எதிரே காலியாக இருந்தது.

4

ரொசாலி நன்றாக இருக்கிறாள். புதுச்சேரியிலேயே, தேங்காய்த்திட்டில் இருக்கிறாள்.

சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே எந்திரப் பிரிவில் இருந்த குமரவேல் என்பவரைக் கட்டிக்கொள்வேன் என்று வந்து நின்றாள். கடற்கரைக் குடும்பம். அவருடைய அப்பாவும் அண்ணனும் படகு வைத்திருக்கிறார்கள், அம்மா துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவர். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் இல்லாமல் அப்பா சாப்பாட்டில் உட்காரமாட்டார். அந்த மீனைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் வாசலோடு போய்விட வேண்டும், அவ்வளவுதான். சாதியை விட்டுவிட்டோம் என்று கையெழுத்துப் போட்ட வீடு அது. ஆனால் எங்கள் வீட்டுக் கல்யாணங்கள் எல்லாமே, அந்தக் கையெழுத்துக்கு முன்னால் எந்தச் சாதியோ அதற்குள்ளேதான் நடந்தன. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

ரொசாலி ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாள். எட்டு வருடம் ஆகிறது. அன்றைக்கு அப்பா போன் செய்தார்.

"பிரான்சுவா, அவளத் தலைமுழுகிட்டேன்டா. கொழாயடில போயி மூணு சொம்பு தண்ணி ஊத்திக்கினு வந்துட்டேன். இனிமே அந்தப் பேர என் காதுல போடாத. நீயும் தலைமுழுகிடு."

"சரிப்பா" என்றேன். அவர் அழுகிறாரா என்று உற்றுக் கேட்டேன். அழவில்லை.

போனை வைத்துவிட்டு நான் குளியலறைக்குப் போனேன். ஷவரைத் திறந்து தலையைக் காட்டிக்கொண்டு நின்றேன். அப்பா மனது நோகக் கூடாது என்பதற்காகச் செய்தேன் என்று இத்தனை வருடமும் சொல்லிக்கொண்டேன். அவர் எனக்காக என்னென்ன செய்தார் என்று நினைத்தால் இன்றைக்கும் அவர் மேல் கோபம் முழுதாக வருவதில்லை. ஆனால் அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறதே. அவருடைய அடக்கத்துக்கு நான் போனபோது, கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கதவுக்கு வெளியே, புருஷனோடும் ஒரு சின்னப் பெண் குழந்தையோடும் ரொசாலி நின்றுகொண்டிருந்தாள். நான் உள்ளே வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், என்னைத் தடுக்க அங்கே யாரும் இல்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டே அவளைக் கடந்து போனேன்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவளிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டை வரும். கீழே அவளுடைய செல்போன் நம்பர் இருக்கும். பிரித்துப் பார்ப்பேன், அலமாரியில் வைப்பேன். என் மகளுக்கு அத்தை ஒருத்தி இருப்பதே தெரியாது.

5

திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்தபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். இங்கே அந்த வழக்கம் கிடையாது. சிமோன் ஒரு பெரிய உறையை என்னிடம் கொடுத்தாள்.

யாராவது இறந்தால் இந்த ஊரில் அட்டை அனுப்புவார்கள். கடையில் அதற்கென்றே தனி வரிசை உண்டு. வெளியே வெள்ளைப் பூக்கள். உள்ளே, உங்கள் தங்கை ரொசாலிக்காக நாங்கள் துக்கப்படுகிறோம் என்று பிரெஞ்சில் அவர்களே எழுதியிருந்தார்கள். இரண்டு பிழைகள். என் கை பழக்கத்தில் சிவப்புப் பேனாவைத் தேடியது. இருபத்தாறு கையெழுத்துகள். கீழே ஒரு மூலையில் சிமோன் ஹார்வெல், அதை ஒட்டி டைலர் ஹார்வெல்.

"டைலர்தான் போய் வாங்கிவந்தான்" என்றாள் சிமோன். "எங்களுக்காக நீங்கள் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தீர்கள். அது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது." பிறகு மேசையிலிருந்த படிவத்தை எடுத்து நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நான் எதைக் கேட்டேனோ அது கிடைத்துவிட்டது. அந்தப் பெண் வகுப்பில் இருக்கிறாள், அவளும் அந்தப் பையனும் ஒரே அட்டையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். தேங்காய்த்திட்டில் ஒருத்தி உயிரோடு இருப்பது வர்ஜீனியாவில் யாருக்குத் தெரியப்போகிறது? அன்று முழுவதும் அப்படித்தான் யோசித்தேன். அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் கிளேர் என் பையில் எதையோ தேடப்போய் அந்த அட்டையை எடுத்துவிட்டாள். படித்துவிட்டு என்னிடம் வந்தாள். "அப்பா, எனக்கு அத்தை இருந்தாங்களா? எப்போ செத்தாங்க? எனக்கு ஏன் யாருமே சொல்லல?" எல்லாம் தமிழில் கேட்டாள். அவள் தமிழில் மூன்று வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசி வெகு நாளாயிற்று. கண்ணில் தண்ணீர் நின்றது, பார்த்தே இராத ஒருத்திக்காக.

உண்மையைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்போ அத்தை என்னப்பா தப்பு பண்ணாங்க?" என்றாள். சமையலறையில் இருந்த என் மனைவி பாத்திரத்தைக் கழுவுவதை நிறுத்தினாள். இருவரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

6

மறுநாள் வகுப்பில் சொல்லிவிட்டேன். பிரெஞ்சில் ஆரம்பித்தேன், நடுவில் வார்த்தை கிடைக்காமல் ஆங்கிலத்துக்கு மாறினேன். தங்கை சாகவில்லை, எங்கள் வீட்டில் அவளைச் செத்தவளாக வைத்திருக்கிறோம், நானும் அப்படியே வைத்திருந்தேன், உங்களிடம் பொய் சொன்னேன் என்றேன். அந்த அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று நீட்டினேன். யாரும் வாங்கவில்லை.

டைலர் தலையைக் குனிந்துகொண்டான். சிமோன்தான் பேசினாள்.

"என் பெயரில் இன்னொரு குடும்பம் இந்த ஊரில் இருக்கிறது. அவர்கள் எங்களைச் சொந்தம் என்று சொல்லமாட்டார்கள். எனக்குக் கோபம் வரும், ஆனால் அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது என்று என் அம்மா சொல்வாள். நீங்கள் ஒரே வயிற்றில் பிறந்தவளைச் சொந்தம் என்று சொல்லமாட்டேன் என்கிறீர்கள். உங்களுக்கு என்ன கஷ்டம், முசியே?"

பையைத் திறந்து, நாலாக மடித்த அந்தப் படிவத்தை எடுத்து மறுபடி என் மேசையில் வைத்தாள். "முதலில் அவருக்குப் போன் செய்யுங்கள். பிறகு இதைப் பற்றிப் பேசலாம்."

என் மேல் புகார் போகும் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. தேர்தலும் வந்து போனது. முதல் தடவையாக ஒரு கறுப்பர் ஜெயித்த மறுநாள் சில பிள்ளைகள் அழுதார்கள், சில பிள்ளைகள் யாரோடும் பேசவில்லை, நான் சுற்றறிக்கைப்படி வினைச்சொற்களை நடத்தினேன். சிமோன் தினமும் வருகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. படிவம் கையெழுத்து இல்லாமல் என் மேசையிலேயே கிடக்கிறது. அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

போன் செய்ய எனக்கு அதற்குப் பிறகும் மூன்று வாரம் ஆனது. போன சனிக்கிழமை காலை, அங்கே சாயங்கால நேரம், அலமாரியிலிருந்து கிறிஸ்துமஸ் அட்டை ஒன்றை எடுத்து நம்பரைப் பார்த்து அழுத்தினேன். கிளேர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"ஆலோ, யாரு?"

"ரொசா, நான் பிரான்சுவா பேசறேன்."

கிளேர் போனில் காதை ஒட்டிக்கொண்டாள்.

"அண்ணனா? யாருக்கு இன்னா ஆச்சு? அண்ணி நல்லா இருக்காங்களா? கொழந்த?" பதறிப்போய்க் கேட்டாள். ஏதாவது கெட்ட சேதி இருந்தால் ஒழிய நான் கூப்பிடமாட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

எல்லாரும் நல்லா இருக்கோம் என்றேன். பிறகு வகுப்பில் நடந்தது முழுவதையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தயார் செய்துவைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் அதற்குள் எங்கேயோ போய்விட்டன. நீ செத்துட்டேன்னு சொல்லிட்டேன் ரொசா, பசங்க அதை நம்பி, துக்கம் விசாரிச்சு அட்டை குடுத்துட்டாங்க என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

"எத்தினி பேரு கையெழுத்துப் போட்டிருக்காங்க?" என்றாள்.

"இருபத்தாறு பேரு."

"அத எனக்கு அனுப்பிடு அண்ணே."

"எதுக்கு ரொசா? அது..."

"அனுப்பு. நீங்கல்லாம் என்னத் தலைமுழுகினப்ப நம்ம வூட்ல ஒருத்தரும் அழுவல. அழுதவங்க பேரு இன்னான்னு நான் தெரிஞ்சுக்கறேன்."